ஆறடி தள்ளி அரியலூருக்கு

காலை 6.10. சென்னை மருத்துவமனை வாசலில் வாடகைக் கார் நின்றது. அரியலூருக்கு ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய். ரயில் என்றால் சொற்பக் காசில் ஊர் ஸ்டேஷனிலேயே இறங்கிவிடலாம். ஆனால் கூட்டத்தில் உட்கார எனக்கு இப்போது அனுமதியில்லை. என் உடம்பிலிருந்து கதிர்வீச்சு வந்துகொண்டிருந்தது.

அரியலூரில் பள்ளிக்கூடச் சத்துணவு சமைக்கிறவள் நான். எனக்கு வந்தது நிணநீர்ப் புற்றுநோய். இரண்டு முறை கீமோ கொடுத்தும் திரும்பி வந்த சனியன். மூன்றாவதாக இந்த மருந்தைச் சொன்னார்கள். ஆன்டிபாடி என்பது புற்றுச் செல்லைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் புரதம். அதோடு கதிர்வீச்சு அயோடினைச் சேர்த்து நரம்பில் ஏற்றுகிறார்கள். ஒட்டிக்கொண்ட இடத்திலேயே அது செல்லைச் சுட்டுக் கொல்லுமாம். பலிக்குமா என்று கேட்டேன்.

"மூணு மாசம் கழிச்சு ஸ்கேன்ல தெரியும்மா" என்றார் டாக்டர்.

சரி, மூன்று மாதம் இருந்து காட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

தனி அறையில் வைத்திருந்து, அளவு குறைந்த பிறகே அனுப்பினார்கள். வீட்டிலும் பதினைந்து நாள் தனி அறைதான். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் ஆறடிக்குள் வரவே கூடாது. பெரம்பலூரில் கட்டிக்கொடுத்த என் மகள் செல்விக்கு இப்போது ஏழு மாதம். "என்னப் பாக்க வந்தே, செருப்பு பிஞ்சிரும்" என்று, கார் நம்பரையும் கிளம்பும் நேரத்தையும் சொன்ன போனிலேயே சொல்லியிருந்தேன்.

டிரைவர் பாஸ்கருக்கு நாற்பது வயதிருக்கும். அவரிடமிருந்து முடிந்தவரை தள்ளி, பின் சீட்டின் இடது மூலையில் உட்கார்ந்தேன்.

"பக்கத்துல வந்தா கரண்டு மாதிரி அடிக்குங்களாக்கா?"

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க தம்பி. ஒண்ணும் அடிக்காது."

11.00. ரஞ்சன்குடி. நிறையத் தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் போகச் சொல்லியிருந்தார்கள். கோட்டை தெரிகிற டீக்கடையில் இறங்கினேன். கழிப்பறையில் சொன்னபடி இரண்டு தடவை தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து, ஆளில்லாத பெஞ்சில் உட்கார்ந்தேன். டீ பதினைந்து ரூபாய்.

அப்போது இரண்டு பையும் கைக்குழந்தையுமாக ஒரு பெண் வேகமாக வந்தாள். "சித்த புடிங்கக்கா, சில்லற எடுத்துக்கறேன்" என்று குழந்தையை என் மடிக்கு நேரே நீட்டினாள். எங்கள் பக்கம் இதற்கெல்லாம் யாரும் சம்மதம் கேட்பதில்லை; உட்கார்ந்திருப்பவர் மடியில் யார் பிள்ளையையும் கொடுத்துவிடலாம். நான் துள்ளி எழுந்து பின்னால் நகர்ந்தேன். டீ கொட்டிவிட்டது.

அவள் முகம் மாறியது. "ஏன், எங்க புள்ளயத் தொட்டா கை அழுகிடுமா?"

சுருக்கென்று தைத்தது. களத்தில் என் அம்மாவின் கூலியைக் கைபடாமல் தள்ளி நின்று கொட்டியவர்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்தக் கேள்வியை என்னிடமே ஒருத்தி கேட்கிறாளே என்று உடம்பு கூசியது.

"ஐயோ, இல்லம்மா! புள்ளகிட்ட ஒண்ணுமில்ல, எல்லாம் என்கிட்டதான். கேன்சருக்குக் கதிர்வீச்சு மருந்து ஏத்தியிருக்காங்க. கொழந்த கிட்ட வரக்கூடாது."

மருத்துவமனை அட்டையை எடுத்துக் காட்டினேன். அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நாலு எட்டு பின்னால் போனாள். பஸ் வந்தது. ஏறுவதற்கு முன் திரும்பி, "நல்லாயிருவீங்கக்கா" என்று அங்கிருந்தே கத்தினாள். எனக்கு அது டாக்டர் சொன்னதைவிடத் தெம்பாக இருந்தது.

11.40. பெரம்பலூர் நாலு ரோடு. அரியலூர் சாலையில் திரும்பியதுமே பார்த்துவிட்டேன். குடை ஒரு கையில், டிபன் கேரியர் ஒரு கையில், வயிற்றைத் தள்ளிக்கொண்டு செல்வி. சொல்பேச்சுக் கேட்டால்தானே!

பாஸ்கர் வேகத்தைக் குறைத்தார். "யாரோ கை காட்டுறாங்கக்கா. உங்க பொண்ணுங்களா?"

"ஆமா. நிறுத்தாதீங்க."

"தள்ளி நின்னு ரெண்டு வார்த்த பேசிட்டு வாங்களேன்..."

"நிறுத்தினா எறங்குவேன். எறங்கினா கட்டிப் புடிச்சுருவேன். என்னய எனக்குத் தெரியும். போங்க தம்பி."

கார் அவளைத் தாண்டியது. திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அழுதேன், வாய்விட்டே அழுதேன். சிமெண்ட் லாரிகள் எதிரே வரிசையாக வந்தன. போன் அடித்தது.

"பெத்த பொண்ணப் பாத்தும் நிறுத்தாம போறியே, கல்லாம்மா ஒன் மனசு?"

"கல்லுதான்டி. ஒன் புள்ளயத் தூக்கணும்னுதான் இந்த மருந்தையே ஏத்திக்கிட்டேன். அதுக்கு நானே கெடுதல் பண்ணுவனா? பிரசவத்துக்கு வருவேன். மொதல்ல வாங்குற கை என் கையாத்தான் இருக்கும். வெயில்ல நிக்காத, வூட்டுக்குப் போ."