ஆள் சேராத மொழி

அந்த ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் லேப் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ரத்தம் எடுப்பவள் என்று நினைத்துவிட வேண்டாம். பரிசோதனை முடிவுகளைக் கருவிகளிடமிருந்து வாங்கி, சரிபார்த்து, டாக்டரின் திரைக்கு அனுப்பும் புரோகிராம் முழுக்க அவள் எழுதியது. பரிசோதனைக்கூடத்துக்குப் பின்னால், குளிர்பதனப் பெட்டிகளின் உறுமல் ஓயாத, ஜன்னல் இல்லாத அறை. அங்கே உட்கார்ந்தே அவளுக்குத் தலை நரைத்தது.

அவள் எழுதிய கம்ப்யூட்டர் மொழி ஊரறிந்ததல்ல. கல்லூரியில் அவளுக்குப் பாடம் எடுத்த புரொபசர் உருவாக்கியது. மாணவியாக இருந்தபோதே அவளும் கூட நின்று உழைத்தாள். எதுவும் வராத வெற்றிடத்தைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்வது போன்ற தவறுகளை அது வாசலிலேயே மறித்துவிடும், திருத்தாமல் நகரவிடாது. அதே காலத்தில் வந்த இன்னொரு மொழிக்கு அந்தக் கறார் கிடையாது. தப்போ சரியோ, எழுதினால் ஓடும்.

ஆனால் அதை யார் வேண்டுமானாலும் ஒரு நொடியில் தன் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்ளலாம். இவர்களுடையதை ஏற்றுவதற்குள் மண்டை காய்ந்துவிடும்.

"முதல் நாளே ஏதாவது ஓடணும் சார். அப்பதான் மறுநாள் வருவாங்க" என்று அவள் கெஞ்சிப் பார்த்தாள்.

"கஷ்டப்பட்டு வர்றவன் வந்தா போதும்மா" என்றார் புரொபசர். "கூட்டம் சேர்க்க நாம என்ன வித்தையா காட்டறோம்?"

ஏற்றுவதை எளிதாக்க அவர் மனம் இறங்கி வந்தபோது காலம் கடந்துவிட்டது. கூட்டம் நிற்கிற கடைக்குத்தானே மேலும் கூட்டம் வரும்? அந்த இன்னொரு மொழிக்குப் புத்தகம் வந்தது, வகுப்பு வந்தது, வேலை வந்தது. எந்தச் சந்தேகம் வந்தாலும், யாரோ எங்கோ ஏற்கெனவே பதில் எழுதி வைத்திருந்தார்கள். இவர்களுடைய இணையக் குழுவிலோ பதில் சொல்ல அவள் ஒருத்திதான். போகப்போகக் கேள்விகளும் நின்று, விளம்பரக் குப்பை மட்டும் வந்து விழுந்தது. அதையும் அவளே பெருக்கித் தள்ளினாள். அவள் குடியிருந்தது உடன்பிறந்த அக்கா வீட்டில். வரன் கேட்டு வருகிறவர்களிடம், "அவ அந்த மொழிக்கு எப்பவோ கழுத்தை நீட்டிட்டா" என்று அக்கா சொல்லிச் சிரிப்பாள்.

ஒரு நாள் நிர்வாகி அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவளுக்குத் துணையாக ஆள் வேண்டுமென்று எத்தனையோ முறை விளம்பரம் கொடுத்தும் அவளுடைய மொழி தெரிந்தவர் ஒருவரும் வரவில்லை என்பதை நினைவுபடுத்தினார். புரோகிராமைக் குறை சொல்லவில்லை. இதுவரை ஒரு முடிவுகூடத் தவறாகப் போனதில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார்.

"நாளைக்கே நீங்க படுத்துட்டா நாங்க யார்கிட்ட போய் நிக்கறது மேடம்?" என்றார்.

அவர் கேட்டது நியாயம்.

புது ஆட்கள் இருவர் வந்தார்கள். எல்லாவற்றையும் மற்ற மொழியில் எழுதினார்கள். அவளே கூட உட்கார்ந்து, எந்தக் கருவி எப்படிப் பேசும் என்று ஒன்றுவிடாமல் சொல்லிக்கொடுத்தாள். பழையதும் புதியதும் கொஞ்ச காலம் சேர்ந்து ஓடின. ஒரு காலையில், கருவி எதையுமே அனுப்பாத இடத்தில் புதியது பூஜ்யம் என்று காட்டியது. அவளுக்குள் ஏதோ குதித்தது. பார்த்தீர்களா என்று கேட்கும் முகத்தோடு எடுத்துப் போய்க் காட்டினாள்.

"நல்ல வேளைக்கா, கண்ல பட்டுச்சு" என்றான் அந்த இருவரில் ஒருவன். இணையத்தில் தேடினான். வேறெங்கோ யாரோ இதே குழியில் விழுந்து எழுந்திருந்தார்கள். அவர்களுடைய தீர்வை எடுத்துப் போட்டான். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. அதன்பிறகு அந்தத் தவறு வரவே இல்லை.

அறைக்குத் திரும்பியவளுக்கு உடம்பு கூசியது. யாரோ ஒரு நோயாளியின் முடிவு தப்பாகிவிட்டதற்கா சந்தோஷப்பட்டோம்?

பழைய புரோகிராம் ஓடிய கம்ப்யூட்டரை நிறுத்திய அன்று மாலை புரொபசரைத் தொலைபேசியில் அழைத்தாள். ஆத்திரப்படுவார், இல்லை அழுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, சாப்பிட்டாயா என்று விசாரித்தார். பிறகு சொன்னார்.

"மருமக கடைக்கு ஒரு சின்ன புரோகிராம் கேட்டாம்மா. நானும் அதுலதான் எழுதிக் கொடுத்தேன். எல்லாம் ரெடியா இருக்கு. நம்மளுதுல எழுதியிருந்தா இன்னும் முடிச்சிருக்க மாட்டேன்."

அவர் குரலில் வருத்தம்கூட இல்லை. அவள் சரி சார் என்று சொல்லிவிட்டு போனை வைத்தாள்.

வீட்டில் அவள் முகத்தைப் பார்த்த அக்கா, "என்னடி, யாருக்கு என்ன ஆச்சு?" என்று பதறினாள்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லைதான். மனிதர் போனால் நாலு பேர் துக்கம் விசாரிக்க வருவார்கள். இதற்கு யாரிடம் போய் என்னவென்று சொல்லி அழுவது? தலைவலி என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தாள். மறுநாள் நேரத்துக்கு வேலைக்குப் போனாள். இப்போது அவளும் அந்த மற்ற மொழியில்தான் எழுதுகிறாள். நன்றாகவே எழுதுகிறாள் என்கிறார்கள். அவள் எழுதியதை வேறு யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம்.