மஸீனா வெட்டிய வட்டம்

மடவளை ஊர் மஸீனாவுக்கு உலகத்தில் பிடிக்காத சாமான் ஒன்றே ஒன்றுதான். அது கறுப்புக் கண்ணாடி போட்ட பாடகரின் முகம். எண்பதுகளில் கண்டியில் விற்ற கசெட்டுகளில் பாதிக்கு மேல் அந்த முகம்தான் இருந்தது. பின்னால் ஒரு நீர்வீழ்ச்சி, ஓரத்தில் ஒரு ரோஜாப்பூ. கண்டிக் கொழும்பு வீதியில் பாட்டுப் பதிந்து விற்கும் ரெக்கோர்டிங் பார் நடத்திய எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. மஸீனாவுக்கோ கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

"தாஸிம் நானா, சனம் வாங்குறது பாட்டக் கேக்கவா, மூஞ்சப் பாக்கவா?" என்று கடைக்குள் நின்றே கேட்பாள். முகத்துக்குச் சொந்தக்காரர் பக்கத்தில் நின்றாலும் அவளுக்குக் கவலையில்லை.

கட்டுகஸ்தோட்டையில் ஹுஸைன் ஹாஜியாரின் அச்சகத்தில் கலியாணக் கார்டுகளுக்கு எழுத்துக் கோப்பது அவளுடைய வேலை. முதலில் தாள் மடிக்கத்தான் எடுத்தார்கள். எழுத்துக் கோப்பவர் லீவில் போன ஒரு கிழமையில் அந்தக் கதிரையில் ஏறி உட்கார்ந்தாள், பிறகு இறங்கவே இல்லை. அச்சகத்துக்கு வந்த பழைய தாள்கட்டு ஒன்றில் கிராமபோன் இசைத்தட்டு உறைகள் கிடந்திருக்கின்றன. மற்றவர்கள் அதில் வடை சுற்றுவார்கள். இவள் வீட்டுக்குக் கொண்டுபோய் அலுமாரித் தட்டுகளில் விரித்தாள். சேலை எடுக்கும் நேரமெல்லாம் அவற்றைப் பார்த்தாள். மண்ணிறத் தாள், ஒரே ஒரு நிறத்தில் அச்சு, சுற்றிவரக் கொடி வேலைப்பாடு, நடுவில் ஒரு வட்ட ஓட்டை. அந்த ஓட்டை வழியாக உள்ளே இருக்கும் தட்டின் பெயர் தெரியும்.

அதே மாதிரியில் கசெட்டுக்கு ஓர் அட்டை செய்து தருகிறேன் என்றாள். பைத்தியமா என்று கேட்டேன். அதைக் காதில் போடாமல் செய்து கொண்டுவந்தாள். சீனி சுற்றும் தாளைப் போன்ற ஒரு தாளில் கருஞ்சிவப்பு மையில் கொடி ஓடியது. அச்சகத்தில் தூசி படிந்து கிடந்த பழைய ஈய எழுத்துகளில் பாடகரின் பெயர். இன்னும் பழசாகத் தெரிய இரண்டு இடத்தில் தேயிலைச் சாயம் தெளிக்கலாமே என்று நான் வாயைத் திறந்தேன்.

"அழுக்குப் பூசினா பழசாகுமா நானா? இது புதுசு. பழையவங்களுக்கிட்ட கேட்டுக்கிட்டுச் செஞ்ச புதுசு" என்றாள்.

சாயம் தெளிக்காமலே அச்சடித்தோம். அந்தக் கசெட்டை ஆட்கள் கையில் எடுத்தால் லேசில் கீழே வைக்கவில்லை. அவளைப் போன்ற கெட்டிக்காரியை நான் கண்டதில்லை, வாய்தான் கொஞ்சம் நீளம்.

எண்பத்தாறில் பத்மாதேவி டீச்சர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கண்டியில் சங்கீதம் படிப்பித்தவர். எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில் அவருடைய வீட்டை எரித்தார்கள். வீணையும் அதோடு போயிற்று. பிறகு அவர் இயற்றிய பாடல்களை என் கடையில்தான் பதிவு செய்தோம். குரல் அப்படியொரு குரல். பதிவு முடிந்ததும் கதிரை நுனியில் உட்கார்ந்து, அட்டை செய்ய வந்திருந்த மஸீனாவிடம் சொன்னார்:

"அட்டையில என்ர பேர் வேண்டாம் பிள்ளை. கேற்றில பேர்ப்பலகை தொங்கினபடியால்தானே அவங்கள் நேர எங்கட வீட்டுக்கு வந்தவங்கள். பாட்டு வெளியில வந்தா எனக்கு அதுவே காணும்."

அந்த நாள்களில் பொலிஸும் ஆமியும் பஸ்ஸை மறித்துப் பைகளைக் கிளறுவார்கள், அடையாள அட்டையில் பெயரைப் பார்த்துவிட்டு முகத்தைப் பார்ப்பார்கள். டீச்சர் சொன்னதில் பிழையில்லை.

மஸீனாவுக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. "வீடும் போச்சு, வீணையும் போச்சு, பேரும் போகோணுமா?" என்று டீச்சர் போன பிறகு என்னோடு சண்டை பிடித்தாள், எரித்தது நான் என்பது போல.

சில நாள் கழித்து டீச்சரை வரச் சொல்லி மாதிரியை மேசையில் வைத்தாள். மண்ணிறத் தாள், கொடி, நடுவில் வட்டம். பித்தளைக் குழாய் ஒன்றின் விளிம்பைத் தீட்டிச் சுத்தியலால் அடித்து வெட்டியது. வட்டத்துக்குள் ஒரு செவ்வந்திப்பூ தெரிந்தது.

"உள்ளுக்க ஈக்கிற தாள்ல ஒரு பக்கம் பூ, மத்தப் பக்கம் ஒங்கட பேரு. கடையில பூதான் தெரியும். வாங்குற ஆள் விரும்பினாத் திருப்பிப் போடட்டும்."

"ஒருத்தரும் திருப்பாட்டி?"

"பூவே ஈக்கட்டும் டீச்சர். ஆனா பேரு உள்ளுக்க ஈக்கும்."

டீச்சர் தாளைத் திருப்பிப் பார்த்தார், திரும்பவும் பூவையே வெளியில் வைத்தார். "ஓம். கடையில பூப் பக்கம்தான் இருக்கவேணும்" என்றார்.

அப்படியே விற்றோம். கசெட் நன்றாகப் போனது.

ஒருநாள் டீச்சர் கடையில் இருக்கும்போது, தெல்தெனியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் வேலாயி வந்தாள். ரேடியோ விழுங்கிய நாடாவைச் சரிசெய்ய வேண்டுமாம். மேசையில் வைத்த கசெட்டின் வட்டத்துக்குள் பூ இல்லை, பெயர் இருந்தது. நான் டீச்சரைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை.

"இதத் திருப்பினது யாரு?" என்று கேட்டேன்.

"நாந்தாங்க. இம்புட்டு நல்லாப் பாடுற அம்மா பேரு உள்ளுக்குள்ள கெடந்துச்சு. பாவமா இருந்திச்சு. எங்க லயத்து வரிசையில எல்லா வீட்டுலயும் இப்படித்தாங்க வச்சிருக்கோம்."

"உங்களுக்குப் பயமில்லையே?" என்று டீச்சர் மெல்லக் கேட்டார்.

"பயந்தாங்கம்மா. அதுக்காகப் பேர ஒளிக்கிறதா?" என்றாள் வேலாயி, யாரோடு பேசுகிறோம் என்று தெரியாமலே.

நான் நாடாவைச் சுற்றிக் கொடுத்தேன். அவள் போன பிறகு டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அடுத்த முறை அச்சடிக்க வேண்டி வந்தபோது மஸீனா புதுப் பூ ஒன்று வரைந்து வந்திருந்தாள். செவ்வந்தியை விட அழகான பூ. அதில் அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. டீச்சர் அதை நெடுநேரம் பார்த்தார். பிறகு தாளை அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"வடிவாத்தான் இருக்குது பிள்ளை. ஆனா இந்தமுறை ரெண்டு பக்கமும் என்ர பேரையே போடுங்கோ."

மஸீனா பூவை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, பெயரைக் கோக்கக் கட்டுகஸ்தோட்டை பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.