அப்பாவின் இங்கிலீஷ்

பொத்தானை அழுத்துவதற்கு முன் அம்புஜம் எதிரே நிற்பவருக்குத் தண்ணீர் கொடுத்துவிடுவார். "முதல்ல குடி. அப்புறம் பார்க்கலாம்." தெற்கு தில்லியில் ஒரு பல்கலைக்கழக நூலகம். ஆய்வேடுகளைச் சோதிக்கும் கவுன்ட்டர் அவருடையது. கணினியில் ஏற்றினால், அதில் எத்தனை சதவீதம் ஏஐ எழுதியது என்று மென்பொருள் சொல்லும். இருபதைத் தாண்டினால் விசாரணைக் கமிட்டி.

தாண்டியவர்கள் அழுவார்கள், சண்டை போடுவார்கள். முனிர்காவில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் நம்மூர்ப் பையன்கள் தமிழில் கெஞ்சிப் பார்ப்பார்கள். பலிக்காது. "நான் என்னடா பண்ணட்டும்? மெஷின் சொல்றது" என்பார். அடுத்தவரை "ஜல்தி ஆவோ" என்று கூப்பிடுவார். கல்நெஞ்சக்காரி என்று பெயர். நூலகத்துக்கு அடிக்கடி போகிற, அவர் குடும்பத்தோடும் பழக்கமுள்ள எனக்கு அது முழு உண்மையில்லை என்று தெரியும். டிசம்பர் குளிரில் வாசல் நாய்க்குப் பழைய ஸ்வெட்டர் மாட்டிவிடுகிறவர் அவர்.

அம்புஜமும் ஓர் ஆராய்ச்சி மாணவி என்பது பலருக்குத் தெரியாது. ஐம்பதை நெருங்கும் வயதில், லீவு போட்டு லீவு போட்டு, அரசாங்கக் குவார்ட்டர்ஸில் வளர்ந்த பெண்களைப் பற்றி எழுதி முடித்திருந்தார். இந்த மாதத்தோடு பதிவு காலாவதி. எழுதியது அவர், தேய்த்துத் துலக்கியது அப்பா ராஜகோபால். மத்திய அரசில் கோப்புக் குறிப்பு எழுதியே ஓய்வு பெற்றவர். "டிராஃப்ட்ல ஆள் தெரியப்படாதுடி" என்று மகளின் வாக்கியங்களையெல்லாம் ஒரே அளவாக வெட்டி, இஸ்திரி போட்டுக் கொடுத்திருந்தார்.

போன வாரம் நான் புத்தகம் திருப்பித் தரப் போனபோது, அம்புஜம் தன் ஆய்வேட்டைத் தன் கையாலேயே கணினியில் ஏற்றினார். ஏஐ எழுதியது அறுபத்திரண்டு சதவீதம் என்று வந்தது.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. மென்பொருள்மேல் தப்பில்லை. ராஜகோபால் மாமா பொங்கல் வாழ்த்து அனுப்பினாலே அரசாணை போலத்தான் இருக்கும். அம்புஜத்தின் முகத்தைப் பார்த்ததும் சிரித்ததற்கு வெட்கப்பட்டேன்.

பக்கத்து மேஜை ஜெயந்த் எட்டிப் பார்த்தான். "அக்கா, நாலு பாரா கலைச்சுட்டுத் திரும்ப ஓட்டுங்கோ. யாருக்குத் தெரியப்போறது?"

"நேத்து ஒரு பொண்ணை அழ அழ அனுப்பினேனே, அவளையும் கூப்பிட்டு இதையே சொல்லட்டுமா?"

"அப்போ எல்லாம் நீங்களே எழுதினதுன்னு கமிட்டில சொல்லிடுங்கோ. அப்பா திருத்தினார்னா அதுக்கு வேற கேள்வி கேப்பா. டயம் இல்லை உங்களுக்கு."

அதற்குள் அப்பாவே போன் செய்தார். ஸ்பீக்கரில் குரல் கணீரென்று கேட்டது. "என்னாச்சுடி, பாஸா?"

"பார்த்துண்டிருக்கா, அப்பா. இங்கிலீஷ் அப்பழுக்கில்லாம இருக்காம்."

"அச்சா, அச்சா" என்று அவர் சந்தோஷமாகச் சிரித்தார்.

போனை வைத்துவிட்டு அம்புஜம் அறிக்கையை அச்செடுத்தார். அடியில் பேனாவால், 'மொழியைத் திருத்தியவர் என் தந்தை, ராஜகோபால்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். கமிட்டிக்குப் போகும் தட்டிலிருந்த அன்றைய மாணவர்களின் தாள்களைத் தூக்கி, அவற்றுக்கு அடியில், வரிசையில் கடைசியாக, தன்னுடையதை வைத்தார்.