லேபிள் பிரிக்கிற பெண்

ஓசூர் பேருந்து நிலையத்துக்கு வெளியே, தார்ப்பாயில் தலையணை உறைகள் குவிந்து கிடக்கின்றன. விற்கிற பெண் சின்னக் கத்தரியால் ஒவ்வோர் உறையிலிருந்தும் லேபிளைப் பிரிக்கிறாள். கூச்சத்தோடு ஏன் என்று கேட்கிறேன்.

"அமெரிக்கா கடைக்காரங்க ஆர்டரை நிறுத்திட்டாங்கம்மா. எங்க கம்பெனியும் மூடியாச்சு. சரக்கை எடுத்த வியாபாரி, கடைப் பேரைப் பிரிச்சுட்டு விக்கச் சொல்றாரு."

"சிரமமா இருக்கா?"

"இருக்காதா? பிரியக் கூடாதுன்னு தச்சதே நாந்தானே."

அவள் கழுத்தில் கம்பெனி அட்டை இன்னும் தொங்குகிறது.

"இந்த அட்டை இன்னும் எதுக்கு?"

"திடீர்னு கூப்புட்டா? அட்டை இல்லாம கம்பெனி பஸ்ல ஏத்த மாட்டாங்க."

அப்போது ஒரு கம்பெனி பஸ் வந்து நிற்கிறது. கத்தரியைப் போட்டுவிட்டு எழுகிறாள். அது வேறு கம்பெனியின் பஸ். அட்டையை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு உட்காருகிறாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறேன்.