தெரேசம்மாள் சொல்லாமல் விட்டது

தெரேசம்மாள் ஒரு வீட்டுக்குள் நுழைந்தாள் என்றால், அந்த வீட்டில் யாரோ கிளம்பத் தயாராகிவிட்டார் என்று அர்த்தம். மொரப்பூரிலிருந்து நாலு மைல் தள்ளி, மாதா கோயிலைச் சுற்றி எண்பது வீடுகள் இருந்த ஊர் அது. அங்கே சாகக் கிடக்கிறவர்களின் காதில் "சேசு மரி சூசை" என்று விடாமல் சொல்ல வேண்டும். கடைசி மூச்சு ஏசு, மாதா, சூசையப்பர் என்ற அந்த மூன்று பெயர்களோடு பிரிய வேண்டும். பாவத்துக்கு வருந்துகிற மனஸ்தாப மந்திரத்தையும் கூடவே சொல்ல வேண்டும். வாய் திறக்க முடியாதவர்கூட அதைக் கேட்டு மனதுக்குள் வருந்திவிட்டால் போதும், நரகம் தப்பும். மோட்சம் உடனே கிடைக்காவிட்டாலும் உத்தரிக்கிற ஸ்தலத்தில் கொஞ்ச காலம் வெந்து தணிந்து கரையேறிவிடலாம். ஊரின் நம்பிக்கை அது.

இந்த வேலைக்குக் கல்நெஞ்சம் வேண்டும், அது தெரேசம்மாளிடம் இருந்தது. பகலெல்லாம் கடலைக்காட்டில் கூலிக்குக் களை வெட்டுவாள். ஆள் வந்து கூப்பிட்டால் களைக்கொத்தைப் போட்டுவிட்டு, கைகால் கழுவிக்கொண்டு போவாள். போனதும் முதல் வேலை, அழுகிறவர்களை வெளியே துரத்துவது. பெற்ற தாயாக இருந்தாலும் சரி, கட்டின பெண்டாட்டியாக இருந்தாலும் சரி.

"போங்க வெளிய. நீங்க இந்தப் பக்கம் புடிச்சி இழுத்தா அவுங்க எப்பிடிப் போவாங்க?" என்பாள்.

இருபது வருஷத்தில் நாற்பது பேருக்கு மேல் அனுப்பி வைத்திருந்தாள். ஒருத்தரையும் வெறும் காதோடு விட்டதில்லை. ஊரில் அவளுக்குக் கொஞ்சம் பயந்தார்கள், நிறையவே நம்பினார்கள்.

அவள் புருஷன் மதலைமுத்து இதற்கு நேர்மாறான ஆள். கோயில் பக்கம் தலை வைத்துப் படுக்காமல் ஒன்பது வருஷம் ஓட்டினான். அதற்குக் காரணத்தைக் கேட்டால் சிரிப்புதான் வரும். ஏசுவைச் சிலுவையில் அறைகிற கதையை நடிக்கும் பாஸ்கா நாடகத்தில் வருஷா வருஷம் அவன்தான் தீர்ப்புச் சொல்லும் பிலாத்து. ஆள் வாட்டசாட்டம், குரல் கணீரென்று இருக்கும். ஒரு வருஷம் அந்த வேஷத்தை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். மதலைமுத்து கோயில் வாசலிலேயே துண்டை உதறித் தோளில் போட்டான். "இனிமே இந்தப் படிய மிதிச்சா என்னன்னு கேளுங்க" என்று சொல்லிவிட்டு வந்தவன்தான். பூசை இல்லை, சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனம் இல்லை. தெரேசம்மாள் கெஞ்சிப் பார்த்தாள், சோறு போடாமல்கூட இருந்து பார்த்தாள். மனுஷன் ராகிக்களியைத் தானே கிண்டித் தின்றுவிட்டு ஏப்பம் விட்டான். மற்றபடி தங்கமான மனுஷன். அவளை ஒருநாள் கைநீட்டி அடித்ததில்லை.

எண்பத்து மூன்றாம் வருஷம் புரட்டாசியில், காலை பத்து மணிக்கு, கடலைச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். நாலு பேர் கட்டிலில் போட்டுத் தூக்கிவந்து ரோட்டோரப் புளியமரத்தடியில் வைத்தார்கள். தருமபுரி பஸ் வர வேண்டும். வரவில்லை. தலையை மடியில் வைத்துக்கொண்டு தெரேசம்மாள் உட்கார்ந்திருந்தாள். அரைமணி நேரம் அவனுக்கு உயிர் இருந்தது. நினைவும் இருந்தது.

சுற்றி நின்றவர்கள் அவள் வாயையே பார்த்தார்கள். ஒரு கிழவர், "ஆரம்பிம்மா தெரேசு" என்று சொல்லவும் செய்தார்.

அவள் ஆரம்பித்தாள். "என்ன வுட்டுட்டுப் போயிடாதீங்க! பஸ் வந்துரும்ங்க! கண்ணத் தொறங்க, என்னப் பாருங்க!"

அரைமணி நேரமும் அதையே கத்தினாள். அந்த மூன்று பெயர்களில் ஒன்றுகூட அவள் வாயில் வரவில்லை. மந்திரம் என்று ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதே மறந்துபோயிற்று. அவள் கத்தினதற்கு மதலைமுத்து கண்ணைத் திறந்தான். அவளையே பார்த்தான். பார்த்தபடியே போய்விட்டான்.

அடக்கமெல்லாம் முறையாக நடந்தது. ஆனால் மூன்றாம் நாள், தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவள் சொம்பை அப்படியே கீழே வைத்துவிட்டாள். ஒன்பது வருஷப் பாவத்தோடு கிடந்த மனுஷன். அரைமணி நேரம் கையில் இருந்தது. கடவுள் பக்கம் திரும்ப வேண்டியவனைக் கூப்பிட்டுத் தன் பக்கம் திருப்பி வைத்தது யார்? ஊராருக்கெல்லாம் வழி சொன்னவள், தாலி கட்டினவனை வழியில்லாமல் விட்டுவிட்டாள்.

கல்லறைத் திருநாள் வந்தது. எல்லோரும் குழிமேட்டுக்குச் சுண்ணாம்பு அடித்து, சாமந்திப்பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். தெரேசம்மாள் வர்த்தியை ஏற்றாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். உத்தரிக்கிற ஸ்தலத்தில் இருந்தால் ஜெபம் போய்ச் சேரும், பூசை போய்ச் சேரும். நரகத்தில் இருந்தால் எதுவும் சேராது, எந்தக் காலத்திலும் சேராது. எங்கே இருக்கிறான் என்று தெரியாமல் எதற்கு என்று ஏற்றுவது?

பங்குச்சாமியாரிடம் போனாள். புதிதாக வந்த இளவயசுக்காரர், நல்லவர்.

"தோத்திரம் சாமி. எங்கூட்டுக்காரரு எங்க இருப்பாருங்க?"

அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "கடவுள் நம்மளப் பெத்தவரும்மா. நீங்க ரெண்டு வார்த்த சொல்லலன்னு ஒரு மனுசனக் கை விட்டுருவாரா? அவரோட இரக்கத்துக்கு அளவே இல்ல" என்றார்.

தெரேசம்மாளுக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு லேசானது. அடுத்த நிமிஷமே அடுத்த கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது.

"அப்ப அந்த வார்த்த வேண்டியதில்லைங்களா சாமி? இருவது வருசமா நாஞ் சொன்னதெல்லாம் சும்மாங்களா? பெத்தவள வெளிய தள்ளிட்டுச் சொன்னேனுங்களே. பொண்டாட்டி கையப் பிரிச்சி வுட்டுட்டுச் சொன்னேனுங்களே."

சாமியார் இரண்டு பக்கமும் யோசித்துப் பார்த்தார். வார்த்தை வேண்டும் என்றால் மதலைமுத்து நரகத்துக்குப் போனான். வேண்டாம் என்றால், நாற்பது வீட்டில் கடைசி நேரத்தில் அழக்கூட விடாமல் மனுஷர்களைப் பிரித்துவைத்த பாவம் இவள் தலையில். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் இடித்தது. "ஜெபம் பண்ணுங்கம்மா, நானும் பண்றேன்" என்று சொல்லி அவர் எழுந்துகொண்டார். பாவம், அவர்தான் என்ன செய்வார்?

அடுத்த காட்டுக்காரி பாஞ்சாலி இந்துப் பெண். கூடவே களை வெட்டுகிறவள். "எங்கள்ல காக்காவுக்குச் சோறு வெப்பம். வந்து எடுத்தா நல்லா இருக்காங்கன்னு அர்த்தம். அவ்ளோதான், மனசு ஆறிடும்" என்றாள். தெரேசம்மாள் ஒருநாள் யாருக்கும் தெரியாமல் சுவர்மேல் ஒரு பிடி சோறு வைத்தாள். காக்காய் வந்து எடுத்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் அதே காக்காய் கோழிக்குடலையும் கொத்திப்போவதைச் சாயங்காலம் பார்த்தாள். போதாததற்கு இந்தச் சோற்றையும் ஒரு பாவமாகக் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

எட்டு மாதம் ஊரில் சாவே விழவில்லை. வைகாசியில் ராஜப்பன் ஓடிவந்தான்.

"யக்கா, அம்மாவுக்கு இழுத்துக்கிட்டுக் கெடக்குதுங்க. வந்து சொல்லுங்க."

"வேற யாரையாச்சும் கூட்டிக்கிட்டுப் போப்பா. என்னால ஆவாது."

"ஒங்கள வுட்டா ஊர்ல யாருக்குத் தெரியும்? காலையிலருந்து உங்க பேரத்தான் சொல்லிக்கிட்டுக் கெடந்துச்சு."

போகாமல் எப்படி இருப்பது? கைகால் கழுவிக்கொண்டு போனாள். ராஜப்பனின் அம்மா சின்னம்மாள் கண் பாதி மூடியபடி கிடந்தாள். மகனையும் மருமகளையும் வெளியே போகச் சொல்ல தெரேசம்மாளுக்கு நா எழவில்லை. அவர்களே பழக்கம் தெரிந்து, துண்டையும் முந்தானையையும் வாயில் அடைத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்கள்.

தெரேசம்மாள் குனிந்தாள். "சேசு மரி சூசை." சரியாக வந்தது. "சேசு மரி சூசை." மறுபடியும் வந்தது. மூன்றாவது முறை வாயைத் திறந்தபோது வேறு வந்தது.

"யக்கா, நீ இன்னுங் கொஞ்ச நேரத்துல அங்க போயிருவ. எங்கூட்டுக்காரரு இருக்காரான்னு பாருக்கா. மொதல்ல நல்ல எடத்துல தேடு. அங்க இல்லன்னா உத்தரிக்கிற எடத்துல தேடு. அங்கியும் இல்லன்னா..." அதற்கு மேல் சொல்ல முடியவில்லை. "அந்தப் பொம்பள மறந்துட்டா, வேணும்னு செய்யலன்னு சொல்லுக்கா. எப்பிடியாச்சும் எனக்குத் தெரியப்படுத்துக்கா. கெனாவுல வந்தாவது சொல்லு. உங் காலப் புடிச்சிக் கேக்கறேன்."

எவ்வளவு நேரம் கெஞ்சினாளோ. நிமிர்ந்து பார்த்தபோது சின்னம்மாளின் மார்பு ஏறி இறங்கவில்லை. எப்போது நின்றது என்று தெரியவில்லை. எந்த வார்த்தையோடு போனாள் என்றும் தெரியவில்லை. பதறிப்போய் அந்தக் காதில் வாயை வைத்து மூன்று பெயர்களையும் வேகவேகமாகச் சொன்னாள். மனஸ்தாப மந்திரத்தை முதலிலிருந்து கடைசிவரை சொன்னாள். காது சும்மா இருந்தது.

கதவு திறந்தது. ராஜப்பன் அம்மாவைப் பார்த்தான், பிறகு இவளைப் பார்த்தான்.

"சொல்லிட்டீங்களாக்கா?"

"சொல்லிட்டேம்ப்பா" என்றாள் தெரேசம்மாள்.

அவன் அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதான். "எங்கம்மா கரையேறிருச்சுங்க. இது போதும் எனக்கு." கையை இழுத்துக்கொள்ளவும் தெரியாமல், அவனிடமே விட்டுவைக்கவும் தெரியாமல் அவள் அப்படியே நின்றாள்.