பிறந்த வீட்டுச் சேலை

அக்கா செத்துப்போன காலையில் நான் சுரங்கத்தில் முதல் ஷிப்டில் இருந்தேன். அக்கா வீட்டுக்காரர்தான் போன் செய்தார். "முடிஞ்சிபோச்சுப்பா" என்றார். சிறுநீரகம் கெட்டு ரொம்ப நாளாகப் படுத்திருந்தாள். எனக்கு அழுகை வரவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

ஊரிலிருக்கும் அப்பாவுக்குச் சொன்னேன். எழுந்து நடக்க முடியாத மனிதர், தெற்கேயிருந்து இவ்வளவு தூரம் எப்படி வருவார்? அவரும் அழவில்லை. "எல, பொறந்த வீட்டுச் சேலை கண்டிப்பா அவ மேல கெடக்கணும். வேதக்காரங்க வீட்டுக்குப் போன புள்ளதானன்னு விட்டுராத" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை.

கல்யாணமான பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து புதுச்சேலை கொண்டுபோய்ப் போர்த்துவது எங்கள் வழக்கம்; கோடி போடுவது என்போம். அது வராவிட்டால் அவளுக்கு நாதி இல்லை என்று அர்த்தம். அக்கா கிறிஸ்தவரைக் கட்டி, மாதா கோவிலுக்குப் போய், ஜெபமாலை உருட்டி, எல்லாம் பழகிவிட்டாள். அந்தக் கோவிலுக்குள் நான் ஒரு தடவைகூடப் போனதில்லை. கிறிஸ்துமஸுக்குப் போவேன், பிரியாணி தின்பேன், வருவேன். அவ்வளவுதான்.

வடலூர் போய்ச் சேலை எடுத்தேன். கடை பாய், "விசேஷத்துக்கா தம்பி?" என்றார்.

"சாவுக்கு. எங்க அக்கா."

அவர் விரித்திருந்த பட்டுச்சேலைகளை ஒதுக்கினார். பச்சையில் ஒன்றை எடுத்து வைத்தார். கடைப் பையில் போடப் போனவர், அதில் 'நன்றி, மீண்டும் வருக' என்று அச்சடித்திருந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே வைத்தார். எழுத்து எதுவும் இல்லாத ஒரு வெள்ளைப் பை தேடிப் போட்டுக் கொடுத்தார்.

அக்காவின் குவார்ட்டர்ஸ் வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். மேளம் இல்லை, ஒப்பாரி இல்லை. பெண்கள் பாதிப் பேர் ஜெபத்தின் முதல் பாதியைச் சொல்ல, மீதிப் பேர் மறுபாதியைச் சொன்னார்கள். அதுவே திரும்பத் திரும்ப. நடுவில் இடைவெளியே இல்லை. எங்கள் பக்கமாக இருந்தால் நான் நுழையும்போதே பெண்கள் ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுதிருப்பார்கள், எனக்கும் அழுகை வந்திருக்கும். இங்கே ஒருத்தர் நாற்காலி காட்டினார். உட்கார்ந்தேன்.

என்னோடு ஷிப்டில் இருக்கும் முத்தாண்டிக்குப்பத்துக்காரன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"பையில இன்னாடா?"

"சேலை. கோடி போடணும்."

"லூசு. இவுங்கள்ல அதெல்லாம் கெடையாதுடா. மாலையோட சரி. நீ பாட்டுக்குப் போய்ப் போத்துவ, ஃபாதர் எடுத்து உன் மூஞ்சியிலயே போடுவாரு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் எத்தினி சாவு பாத்துக்கினு இருக்கேன்."

அவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. எனக்கும் தெரியாது. எதிரில்தான் அக்காவின் மாமியார் உட்கார்ந்திருந்தார். போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டு, இல்லை என்று சொல்லிவிட்டால் அங்கேயே கத்திவிடுவேன் என்று பயம். பையை நாற்காலிக்கு அடியில் தள்ளினேன். அந்த அம்மா என் வெறுங்கையையே இரண்டு மூன்று தடவை பார்த்தார். ஏன் பார்க்கிறார் என்று எரிச்சலாக இருந்தது.

சவப்பெட்டியைக் கோவிலுக்கு எடுத்துப் போனார்கள். பை நாற்காலியடியிலேயே கிடந்தது. பூசையில் எல்லோரும் எழுந்தால் எழுந்தேன், முட்டி போட்டால் தலையைக் குனிந்துகொண்டேன். ஃபாதர் பெட்டி மேல் தீர்த்தம் தெளித்தார், சாம்பிராணி காட்டினார். சாம்பிராணி வாசனை மட்டும் எனக்குத் தெரிந்ததாக இருந்தது.

கல்லறைத் தோட்டத்துக்குப் பெண்களும் வந்தார்கள். எங்களில் வர மாட்டார்கள். குழிப் பக்கத்தில் பெட்டியைத் திறந்து வைத்தார்கள். அக்காவின் விரல்களில் ஜெபமாலை சுற்றியிருந்தது. முகம் மஞ்சளாக இருந்தது. பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

ஃபாதருக்கு உதவியாக வந்த கோவில் உபதேசியார் சத்தமாகச் சொன்னார்: "மூடப் போறோம். பொறந்த வூட்டுக் கோடி இருந்தா இப்பவே போட்டுடுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முத்தாண்டிக்குப்பத்துக்காரன் மட்டும் தரையைப் பார்த்தான்.

இவர்களிலும் இருக்கிறது. அந்த அம்மா அதற்காகத்தான் என் கையைப் பார்த்திருக்கிறார். ஓடிப்போய் எடுத்து வருகிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அக்காவின் மாமியார் தன் கைப்பையிலிருந்து ஒரு சேலையை எடுத்துவிட்டார். மடிப்புக் கலையாத புதுச்சேலை, நீலம்.

"தம்பி எங்கிட்டத்தான் குடுத்து வச்சிருந்தாரு" என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி. என்னிடம், "வாங்க தம்பி, அந்தத் தலைப்பப் புடிங்க."

என் மானத்தைக் காப்பாற்ற அந்த அம்மா குழிக்கு முன்னால் நின்று பொய் சொல்கிறார். நான் சேலை வாங்கினேன் என்று அங்கே எப்படிச் சொல்வது? சொன்னால் அவர் பொய்க்காரி ஆகிவிடுவார். தலைப்பைப் பிடித்தேன். ஓரத்தில் விலை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். பாதிதான் வந்தது. "விடுங்க தம்பி" என்றார். போர்த்தினோம். மூடினார்கள். ஆளுக்கொரு பிடி மண் போட்டோம்.

திரும்பி வந்தபோது பந்தல்காரர்கள் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பை தரையில் தனியாகக் கிடந்தது. யாரும் தொடவில்லை. எடுத்துக்கொண்டு பைக் அருகே வரும்போது அப்பா கூப்பிட்டார்.

"சேலை போட்டியால?"

"போட்டாச்சுப்பா."

"நம்ம சேலதான?"

"ஆமா."

"என்ன கலரு?"

"பச்சை" என்றேன்.

"அவளுக்குப் பச்சை புடிக்கும்" என்றார் அப்பா. பிறகுதான் அழ ஆரம்பித்தார். நான் பையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.