அடுப்பேறிய சாலட்

ஒரு தட்டு சாலட் என் குடித்தனத்தைக் கலைத்தது என்று சொன்னால் யாராவது நம்புவார்களா? சிரிப்பார்கள். அதனால்தான் யாரிடமும் சொன்னதில்லை. எழுதினால் சிரிக்கிற முகத்தைப் பார்க்க வேண்டாமல்லவா, அதனால் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரருக்கு வளைகுடாவில் ஒரு பெரிய ஹோட்டலில் சமையல் வேலை. சமையல் என்றதும் தென்காசியில் எல்லாரும் பிரியாணி போடுவாரா, புரோட்டா வீசுவாரா என்றுதான் கேட்பார்கள். அவருக்கு ரெண்டும் தெரியாது. அவர் இருப்பது அடுப்பே இல்லாத பக்கம். காய் வெட்டுவது, பழம் வெட்டுவது, இலைகளைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு எடுப்பது, சாலட் கலப்பது. மீசை அரும்பின வயதில் போனவர், இத்தனை வருஷமும் அதைத்தான் செய்கிறார். கல்யாணம் ஆனதிலிருந்து நான் அவரோடு இருந்ததெல்லாம் லீவு நாட்கள்தான். என் மகளுக்கு வாப்பா என்றால் போனுக்குள் இருக்கிற ஓர் ஆள்.

இந்த வருஷம் மே மாதம் வந்தவர், வந்த அன்றைக்கே என்னிடம் சொன்னார், இனிமேல் போகப்போவதில்லை என்று. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற ரோட்டில் அவருக்குத் தெரிந்த அண்ணாச்சி ஒருவருக்கு ஒரு கடை சும்மா கிடக்கிறதாம். இடம் அண்ணாச்சியுடையது, உழைப்பு எங்களுடையது, சாரல் தொடங்குவதற்குள் திறந்துவிடலாம் என்று பேச்சு. சீசனுக்கு வருகிற ஜனம் அருவியில் குளித்துவிட்டுப் புரோட்டாவும் பொரித்த கோழியுமாகத் தின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதே, அதில் நாலு பேருக்காவது லேசாக ஏதாவது கிடைத்தால் தேவலை என்று தோன்றாதா? அதுதான் அவர் கணக்கு. சுட்ட கோழி, தக்காளி, வீட்டிலேயே செய்த பனீர் போட்ட சாலட்.

அண்ணாச்சிக்கு அது என்னவென்றே பிடிபடவில்லை. அந்தக் கடையைக் கேட்டு ஒரு புரோட்டாக்காரரும் அவர் பின்னால் அலைந்துகொண்டிருந்தார். கடைசியில் அண்ணாச்சி சொன்னார்: "வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒங்க வீட்டுக்கு வாரேன் தம்பி. தின்னு பாத்துட்டுச் சொல்லுதேன். சாயங்காலம் அந்த ஆளுக்கு நான் பதில் சொல்லியாகணும்."

மாமியிடம், அதாவது அவருடைய உம்மாவிடம், இதில் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. முடிவாகாத காரியத்தை வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுப்போகும் என்பது இந்த வீட்டுச் சட்டம். மாமி போட்ட சட்டம்தான். அவர்களும் கடையநல்லூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். கடை முடிவானதும் மாமி வாயில் சீனி போட்டுச் சொல்லலாம் என்று நாங்கள் இரண்டு பேரும் பேசி வைத்திருந்தோம்.

வெள்ளிக்கிழமை காலையில்தான் அவர் வேலை செய்வதை நான் முதன்முதலாகப் பார்த்தேன். பாலைக் காய்ச்சி எலுமிச்சை பிழிந்து திரிய வைத்தார். நல்ல பாலை இப்படிப் பாழாக்குகிறீர்களே என்றேன். சிரித்துக்கொண்டே வெள்ளைத் துணியில் வடிகட்டிக் குழாயில் கட்டித் தொங்கவிட்டார். எலும்பில்லாத கோழி நெஞ்சுக்கறியைத் தட்டித் தட்டி ஒரே கனமாக ஆக்கி, உப்பு, மிளகு, பூண்டு, எலுமிச்சைச் சாறு தடவி ஊற வைத்தார். வரி வரியாக மேடு வைத்த இரும்புச் சட்டி ஒன்றை அங்கிருந்து சுமந்து வந்திருந்தார். அதைப் புகை வரக் காயவைத்துக் கறியைப் போட்டதும் சுர்ரென்று சத்தம், வீடெல்லாம் வாசனை. கறி மேல் கறுப்புக் கோடு கோடாக விழுந்தது. கருகுதே என்றேன். "அந்தக் கோட்டுக்குத்தான் அங்கன ஆளுக துட்டு குடுக்காங்க" என்றார்.

நாட்டுத் தக்காளியைத் துண்டு போட்டு உப்புத் தூவி வடிதட்டில் வைத்தார். கீழே சொட்டிய சாற்றைக் கிண்ணத்தில் பிடித்து அதில் எண்ணெயும் எலுமிச்சையும் அடித்தார். வெங்காயம் ஐஸ் தண்ணீரில், புதினா ஈரத்துணியில். எதையும் எதோடும் சேர்க்கவில்லை. முன்னாலேயே கலந்தால் தண்ணி விட்டுப்போகுமாம், கறியையும் ஆறவிட்டுத்தான் வெட்ட வேண்டுமாம், பரிமாறுகிற நேரத்தில் தானே வந்து கலப்பாராம். என்னையும் பக்கத்தில் நிற்க வைத்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார், நாளைக்குக் கடையில் நீயும் நிற்க வேண்டுமே என்று. வேர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு அவர் நின்ற நிற்பைப் பார்க்க எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. இந்த ஆளோடு தினமும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கப்போகிறேன் என்று முழுசாக நம்பினேன். நம்பியிருக்கவே கூடாது.

அவர் குளித்து ஜும்ஆத் தொழுகைக்குப் புறப்பட்டு வாசலில் செருப்பு மாட்டுகிற நேரம் பார்த்து ஆட்டோ வந்து நின்றது. மாமி. மகன் லீவில் வந்திருக்கும்போது வெள்ளிக்கிழமை வேறு வீட்டில் சாப்பிட மனசு வரவில்லையாம். அவருக்குப் பாங்கு நேரம் ஆகிவிட்டது. "ஒரு அண்ணாச்சி சாப்பிட வாராங்க உம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பள்ளிவாசலுக்கு ஓடினார். நான் மாமிக்குத் தண்ணீர் கொடுத்து, மின்விசிறியைப் போட்டு உட்கார வைத்துவிட்டு, உள்ளறைக்குத் தொழப் போனேன். அடுக்களையில் தொட வேண்டிய வேலை ஒன்றும் இல்லை, சோறுகூட வடித்து வைத்தாயிற்று.

நெற்றி தரையில் இருக்கும்போது கடுகு வெடித்தது.

முதலில் பக்கத்து வீடு என்று நினைத்தேன். பிறகு இஞ்சி பூண்டு வாசனை வந்தது. எங்கள் வீட்டு மசாலாவின் வாசனை எனக்குத் தெரியாதா? தொழுகையை முறித்துக்கொண்டு எழுந்து ஓடவும் முடியவில்லை, ஓடாமலும் இருக்க முடியவில்லை. தக்காளி வதங்குகிற சத்தம் கேட்கிறது. சட்டியில் கரண்டி தட்டுகிற சத்தம் கேட்கிறது. வாய் ஓதிக்கொண்டே இருக்கிறது. என்ன தொழுதேன் என்று படைத்தவனுக்குத்தான் தெரியும்.

சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துவிட்டு ஓடிப் போய்ப் பார்த்தால் சட்டி நிறையக் குழம்பு தளதளவென்று கொதிக்கிறது. கறி அதில். தக்காளி அதில். ஐஸ் தண்ணீரில் கிடந்த வெங்காயம் அதில். துணியில் தொங்கிய பனீரையும் விடவில்லை, துண்டு போட்டாகிவிட்டது. புதினாவை மேலே கிள்ளிப் போட்டுக்கொண்டு மாமி என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"விருந்தாளி வார நேரத்துல கறியைக் கருக விட்டுட்டு, எல்லாத்தையும் அரையும் குறையுமாப் போட்டுட்டு நீ பாட்டுக்குத் தொழப் போயிட்ட. நல்லவேளை, நான் வந்தேன். கருகுனதையெல்லாம் கழுவிட்டேம்ட்டி, ஒருத்தருக்கும் தெரியாது" என்றார்கள், தணிந்த குரலில். என் மானத்தைக் காப்பாற்றிவிட்டார்களாம்.

எனக்கு அழுகையா ஆத்திரமா என்று தெரியவில்லை. வாயைத் திறப்பதற்குள் வாசலில் பைக் சத்தம். அவரும் அண்ணாச்சியும் ஒன்றாகவே உள்ளே வந்துவிட்டார்கள். வேறு கறி இல்லை. அவர் அடுக்களைக்குள் வந்து சட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மாமியைப் பார்த்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்து அவரே சட்டியைத் தூக்கிப் போனார்.

அண்ணாச்சி மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார். குழம்பு அப்படி இருந்தது என்றால் அப்படித்தான் இருந்தது, மாமியின் கைப்பக்குவத்தில் குறை சொன்னால் எனக்குப் பாவம். விரலைச் சூப்பி முடித்துவிட்டு அவர் நிமிர்ந்தார்.

"பிரமாதமா இருக்கு. ஆனா இது நம்ம ஊர்ல எல்லாக் கடையிலயும் கெடைக்குதே தம்பி. நீங்க வேற என்னமோல்லா சொன்னீங்க?"

மாமி நிலைவாசலில் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக நின்றுகொண்டிருந்தார்கள். சொல்லுங்கள், சொல்லித் தொலையுங்கள் என்று நான் உள்ளுக்குள் கத்துகிறேன். அவர் ஒரு தடவை மாமியைத் திரும்பிப் பார்த்தார்.

"இதுதான் அண்ணாச்சி" என்றார்.

அவ்வளவுதான். பைக் தெரு முனை திரும்புகிறவரை வாசலில் நின்று வழியனுப்பிவிட்டு வந்தார். நான் அவரை உள்ளறைக்கு இழுத்துப்போய்ச் சண்டை போட்டேன். போன் போட்டு நடந்ததைச் சொல்லுங்கள், நாளைக்கு இன்னொரு கோழி வாங்கினால் ஆயிற்று, இதற்குப் போய் யாராவது கடையை விடுவார்களா என்று கேட்டேன். கட்டிலில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எல்லாத்தையும் வெட்டி, சுட்டு, முடிச்சு வச்சிருந்தேன். அது சாப்பாடுன்னே என் வீட்டுல ஒருத்தருக்கும் தெரியல. ஊர்ல யாருக்குத் தெரியப்போவுது?"

காலையில் நானே கருகுதே என்று சொன்னவள்தானே. இரும்புச் சட்டியை அவர் தேய்த்துக் கழுவுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. அன்றைக்குச் சாயங்காலமே கடை புரோட்டாக்காரருக்குப் போனது. மறுநாள் இவர் கம்பெனிக்குப் போன் போட்டார், லீவு முடியும் முன்பே வந்துவிடுகிறேன் என்று. எனக்குச் சொன்னது ஒன்றே ஒன்று. நடந்தது எதுவும் உம்மாவின் காதுக்குப் போகக் கூடாது, தெரிந்தால் அவர்கள் தாங்க மாட்டார்கள். மகள் தலையில் கையை வைத்துச் சத்தியம் கேட்டார். செய்து கொடுத்தேன். அந்த ஆளின் நல்ல மனசை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த மனசில் எனக்கு மட்டும்தான் இடமில்லையா?

இப்போது சாரல் விழுகிறது. டவுன் பஸ்ஸில் கூட்டம் தாங்கவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் ஐந்தருவிப் பக்கம் போனேன். புரோட்டாக் கடையில் உட்கார இடமில்லாமல் ஆட்கள் நின்றுகொண்டு தின்கிறார்கள். திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். மகள் ஒவ்வொரு ராத்திரியும் போனைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க நடக்கிறாள், வாப்பாவுக்கு வீட்டைக் காட்டுகிறாளாம்.

அவர் கிளம்பிய அன்று மாமி தொழுகைப் பாயிலிருந்து எழுந்திருக்கவேயில்லை. அழுது அழுது முகம் வீங்கிவிட்டது. மகன் இந்தத் தடவை தங்கிவிடுவான் என்று அவர்களுக்கும் ஒரு நினைப்பு இருந்திருக்கிறது, யாரும் சொல்லாமலே. நான் காப்பி கொண்டுபோய் வைத்தேன். டம்ளரைத் தொடவில்லை. என்னை ஏறிட்டுப் பார்த்தார்கள்.

"அன்னைக்கு ஒருநாள் நான் ஆக்கிப் போட்டேன், ஒரு வார்த்தை பேசாமத் தின்னான். நீயும் அப்பிடி வாய்க்கு ருசியா ஆக்கிப் போட்டிருந்தா, எம்புள்ள இப்படிப் பாதி லீவுல எந்திரிச்சுப் போவானாட்டி?"

சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேனே. "காப்பி ஆறுது மாமி" என்றேன்.